மீனுக்கு வெர்திக்கியோ கேளுங்கள்

இத்தாலிய வெள்ளை ஒயின் என்றாலே பலரும் பினோ கிரீஜோ கேட்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. மார்க்கே மாநிலத்தில், யேசி ஊரைச் சுற்றிய குன்றுகளில் விளையும் வெர்திக்கியோவை ஒருமுறை குடித்துப் பாருங்கள். வெளிர் மஞ்சளில் இளம்பச்சை ஓடும். முதலில் எலுமிச்சைப் புளிப்பு, விழுங்கியபின் வாதுமையின் மெல்லிய கசப்பு. அந்தக் கசப்புதான் இதன் உயிர்.

1950களில் இதைப் பழங்கால மதுச்சாடி வடிவப் புட்டியில் அடைத்து ஊர் ஊராக விற்றார்கள். புட்டிதான் புகழ்பெற்றது, உள்ளே இருந்ததை மலிவுச் சரக்கென்று ஒதுக்கினார்கள். பெரிய அநியாயம்.

மார்க்கேயின் அங்கோனா துறைமுகத்தில் வெர்திக்கியோவுக்கு ஜோடி புரோதெத்தோ. பலவகை மீன்களைத் தக்காளியும் வினிகரும் விட்டுக் கொதிக்கவைக்கும் குழம்பு அது. அந்தப் புளிப்பின் முன் சாதுவான ஒயின் சப்பென்று ஆகிவிடும், வெர்திக்கியோ ஈடுகொடுக்கும். போர்த்தோனோவோ கடற்பாறைகளில் தானாக வளரும் மட்டிக்கும் இதுவே பொருத்தம். அதே மாநிலத்தின் அஸ்கோலியில் ஆலிவுக்குள் இறைச்சி அடைத்துப் பொரிப்பார்கள். அந்த எண்ணெய்ப்பசையையும் இது வாயிலிருந்து துடைத்துவிடும்.

ஒன்றே ஒன்று: உறையும் அளவுக்குக் குளிரவைக்காதீர்கள். 10 டிகிரி போதும். அதற்குக் கீழே போனால் வாதுமை வாசம் அடங்கி, வெறும் புளிப்புத்தான் மிஞ்சும்.