தந்தையாரின் வண்டி



காரக்பூர் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருப்பவனுக்கு ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் ஒரு காட்சி தவறாமல் கிட்டும். இவ்வூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் படிப்பை முடித்த மாணவர்கள் தங்கள் மோட்டார் சைக்கிள்களைத் தத்தம் ஊருக்கு அனுப்ப வரிசையில் நிற்பார்கள். வண்டியின் பதிவுப் புத்தக நகல் வேண்டும்; அடையாளச் சீட்டு வேண்டும்; சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டியிருக்க வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, டாங்கியில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இருத்தலாகாது. நெருப்புக்கு அஞ்சி ஏற்பட்ட விதி அது. ஆகவே அந்நாட்களில் எங்கள் ஆபீஸ் வாசலில் பெட்ரோல் வாடை நிலைத்திருக்கும். அவ்வாடை எழும்போதெல்லாம் என் மனம் கணக்கிலிருந்து விலகித் தந்தையாரிடம் போய்விடும். இம்மாதம் அவரைப் பற்றி எழுதுவதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்து, ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்தவர். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால், ஓவர்டைம் கிடைக்கும் நாட்களில் இரவு எட்டுக்குத்தான் வெளியே வருவார். ஓவர்டைமை அவர் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. அவருக்கிருந்த ஒரே ஆசை மோட்டார் சைக்கிள். 1991-ஆம் ஆண்டில், சேமநிதியில் முன்பணம் வாங்கி, கலைகுண்டா விமானப்படைத் தளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து 1978-ஆம் ஆண்டுப் புல்லட் ஒன்றை வாங்கினார். என் தாயார் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அந்த வண்டிக்குச் 'சக்களத்தி' என்று பெயரிட்டார். அப்பெயர் வீட்டில் நிலைத்துவிட்டது.

வேறு வண்டிகள் மலிவாகக் கிடைக்கையில் புல்லட் எதற்கென்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடை ஒன்றுதான்: "இது நம்மூர்ப் பிள்ளை." அதில் உண்மை உண்டு. இங்கிலாந்து தேசத்துக் கம்பெனியும் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்சும் கூடி 1955-இல் என்பீல்ட் இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டி, பின்னர் யாவற்றையும் திருவொற்றியூரிலேயே செய்யலானார்கள். 1970-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்ட பின்னும், சென்னையில் அது நிற்கவில்லை. தமிழ்நாட்டில் உருவாகி, வங்காளத்துச் செம்மண்ணில் வந்து உழைத்த விதத்தில், அவ்வண்டிக்கும் தமக்கும் ஓர் ஒற்றுமை இருப்பதாக அவர் கருதினார் போலும்.

பழைய புல்லட்டை இக்காலத்துப் பிள்ளைகள் ஓட்டினால் திகைப்பார்கள். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். உதைத்துக் கிளப்புவதற்கு முன் விளக்கின் பக்கத்திலிருக்கும் அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்பிரஷர் பிடியை அழுத்தி, பிஸ்டனைச் சரியான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அது தெரியாமல் உதைத்தால், உதை திரும்பிக் கணுக்காலுக்கே வரும். இந்த வித்தையை அவர் எனக்குக் கற்பிக்கவில்லை. ஞாயிறுதோறும் மண்ணெண்ணெய்த் தகரத்தை ஏந்தி நிற்பது மட்டுமே என் வேலை. நான் ஏதேனும் கேட்டால், "பிறகு சொல்கிறேன்" என்பார். நாளடைவில் நான் கேட்பதை விட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அவர்மேல் நெடுநாள் ஒரு மனக்குறை இருந்தது. 1995-இல், ஏழு வயதில், டைபாய்டு காய்ச்சலில் மேதினிபூரில் ஒரு மருத்துவமனையில் பத்தொன்பது நாள் கிடந்தேன். தாயார் இரவும் பகலும் உடனிருந்தார். தந்தையாரோ வருவார், வாசற்படியருகே பத்து நிமிஷம் நிற்பார், தூக்குச் சட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். வாசலில் வண்டி கிளம்பும் ஒலி கேட்கும். என்னைவிட அவ்வண்டியே அவருக்குப் பெரிது என்று அப்போது என் நெஞ்சில் பதிந்தது, பிராயம் வந்த பின்னும் அழியவில்லை.

2008-இல், பணியில் இருக்கும்போதே, ஐம்பத்தொன்றாம் வயதில், மாரடைப்பால் காலமானார். மெட்ரிக்குலேஷன் மட்டுமே தேறியிருந்த எனக்கு மறு ஆண்டு கருணை அடிப்படையில் இவ்வுத்தியோகம் கிடைத்தது. அவர் உழைத்த உழைப்பின் மிச்சத்தைத்தான் நான் உண்கிறேன் என்பதை ஒவ்வொரு சம்பளத் தேதியிலும் நினைத்துக்கொள்கிறேன். வண்டியை விற்றுவிடச் சொல்லி உறவினர் வற்புறுத்தினர். தாயார் இசையவில்லை. தார்ப்பாய் போர்த்தித் தாழ்வாரத்தில் நிறுத்தினோம். அங்கேயே ஆண்டுகள் பல கழிந்தன.

சென்ற தைப் பொங்கலன்று தாயாரே, "அதைத் துடைத்து வை ஐயா, துருப்பிடித்துப் போகிறது" என்றார். பக்கவாட்டுப் பெட்டியின் சாவி எப்போதோ தொலைந்திருந்தது. மெக்கானிக் பூட்டைத் திறந்தார். உள்ளே ஸ்பானர்கள், பழைய பிளக்கு ஒன்று, எண்ணெய்க் கறை படிந்த சிறு நோட்டுப் புத்தகம் ஒன்று.

அதில் பதினேழு வருஷத்துக் கணக்கு இருந்தது. தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், எண்ணெய், போன இடம். பார்சல் குமாஸ்தாவான எனக்கே பொறாமை தரும் கையெழுத்து. 1995-ஆம் ஆண்டுப் பக்கத்தில், "மேதினிபூர், காலை" என்றும் "மேதினிபூர், மாலை" என்றும் வரிசையாகப் பத்தொன்பது நாள். காரக்பூருக்கும் மேதினிபூருக்கும் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். போய்வர 26. இருவேளைக்கு 52. பத்தொன்பது நாளைக்கு 988 கிலோமீட்டர். விடியுமுன் கஞ்சி காய்ச்சி, கங்சாவதி ஆற்றைக் கடந்து எங்களிடம் சேர்த்து, ஏழு மணிக்குள் பணிமனைக்குத் திரும்பி, மாலையில் மறுபடியும் வந்திருக்கிறார். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவர் ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரம் சாலையில் இருந்திருக்கிறார். பட்டியலின் முடிவில், "எண்ணெய் மாற்றியது. பையன் வீடு வந்தான்" என்று எழுதியிருந்தது.

அப்பக்கத்தைத் தாயாரிடம் காட்டினேன். "எனக்குத் தெரியுமே" என்றார். "ஏன் அம்மா என்னிடம் சொல்லவில்லை?" என்றேன். "நீ கேட்டாயா?" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை.

மெக்கானிக் மூன்று நாள் வேலை செய்து, கார்புரேட்டரைக் கழுவி, நான்காம் நாள் வண்டியைக் கிளப்பினார். அடுக்களையிலிருந்து தாயார் வாசலுக்கு வந்தார். சற்றே தலைசாய்த்துக் கேட்டுவிட்டு, "ஏய்யா, இது அவுக வண்டிச் சத்தம் இல்லையே. அவுக வண்டி இன்னும் நிதானமா அடிக்கும்" என்றார். மெக்கானிக் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினார். ஒலி தணிந்து, ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாக எண்ணத்தக்கவாறு கேட்டது. "ஆமா, இதுதான். இது தெருமுனைக்கு வந்ததும்தான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன்" என்றார். சக்களத்தி என்ற சொல்லை அன்று அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

இனி, என் அனுபவத்தால் கண்ட ஒன்றை, வெளியூரில் வாழும் நம் குடும்பங்களின் நன்மை கருதிக் கூறுவேன். வண்டிக்குச் சொந்தக்காரர் காலமானால், முப்பது நாளைக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் நாங்கள் அதைச் செய்யவில்லை. ஆகவே இன்று பழைய காகிதங்களுடன் அலைகிறேன். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியைச் சோதனைக்கு உட்படுத்தி, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும். 2021 முதல் வண்டிக்கு வாரிசுதாரரை முன்னதாகவே நியமிக்க வழி செய்திருக்கிறார்கள். உறவினர் பக்கத்தில் இல்லாத ஊரில் நம் பெண்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்காதிருக்க, ஆடவர் இதை இன்றே செய்து வைப்பது கடமை.

காகிதத்துக்கு அப்பாற்பட்ட கடமை ஒன்றும் உண்டு. நம் தகப்பன்மார் வாய் திறந்து அன்பைச் சொல்லப் பழகியவர் அல்லர். ஓவர்டைமாகவும் தூக்குச் சட்டியாகவும் அதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுதல் நலம். நான் கேட்கத் தவறியவன், ஆதலால் சொல்கிறேன்.

பதிவு முடியும்வரை வண்டி தாழ்வாரத்திலேயே நிற்கும். ஞாயிறுதோறும் உதைத்துக் கிளப்பி ஐந்து நிமிஷம் ஓட விடுகிறேன். என் மகன் மண்ணெண்ணெய்த் தகரத்தை ஏந்தி நிற்கிறான். அவன் கேட்கும் கேள்விக்கெல்லாம் அப்போதைக்கப்போதே விடை சொல்லிவிடுகிறேன்.