அந்த 11 நொடிகள் எங்கே?

10 கிலோமீட்டர் ஓடி முடித்து, பதக்கம் கழுத்தில் ஏறியதும் எல்லோரும் முதலில் தேடுவது செல்போனை. எஸ்.எம்.எஸ்ஸில் ஓடிய நேரம் வந்திருக்கும். முதல் பரிசு யாருக்கு என்று அங்கே யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. நமக்கு முன்னால் ஆயிரம் பேர் போயிருக்கலாம், பின்னால் இரண்டாயிரம் பேர் வந்துகொண்டிருக்கலாம். போன தடவையைவிட இன்றைக்குக் குறைந்திருக்கிறதா? அது ஒன்றுதான் கேள்வி. ஓடுகிறவர்கள் பாஷையில் இதற்குப் பெயர் 'பி.பி.'. பிளட் பிரஷர் இல்லை, பர்சனல் பெஸ்ட். நம்முடைய சொந்த சாதனை நேரம்.

மாரத்தானில் 42.195 கிலோமீட்டரை முடிப்பதே பெரிய விஷயம். 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் அப்படியில்லை. சில மாதங்கள் பழகினால் பெரும்பாலானவர்கள் முடித்துவிடுவார்கள். முடிக்க முடியுமா என்ற கேள்வி தீர்ந்ததும், எவ்வளவு நேரத்தில் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. வந்தால் லேசில் எழுந்து போகாது.

உலக சாதனை வைத்திருப்பவர்களையும் அது விடுவதில்லை. கென்யாவின் பீட்ரிஸ் செபெட், 2023 டிசம்பர் 31 அன்று பார்சிலோனா சாலையில் 5 கிலோமீட்டரை 14 நிமிடம் 13 நொடியில் ஓடினார். அதுவே உலக சாதனை. சரியாக ஒரு வருடம் கழித்து அதே ஊரில், அதே தேதியில் மறுபடியும் வந்து நின்றார். 13 நிமிடம் 54 நொடி. அந்தத் தூரத்தை 14 நிமிடத்துக்குள் கடந்த முதல் பெண் அவர்தான். ஒரு வருட உழைப்புக்குக் கிடைத்தது 19 நொடிகள்.

எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். வயது 46. பெயர் போட வேண்டாம் என்ற நிபந்தனையோடு, மற்றதை எல்லாம் எழுதச் சொல்லிவிட்டார். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் அதிகாலை ஐந்து மணிக்கு நடக்க வந்தவர், நடை ஓட்டமாகி, போன வருடம் ஜனவரியில் முதல் 10 கிலோமீட்டர் பந்தயம் ஓடினார். 62 நிமிடம் 40 நொடி. அன்றிலிருந்து அவருக்கு ஒரே குறி: 60 நிமிடத்துக்குள் வர வேண்டும்.

"பிள்ளைங்க மார்க், அவரோட சுகர், பால் கணக்குன்னு எத்தனையோ நம்பர் மனசுல இருக்கு. எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றார் ஒருநாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

60 நிமிடம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம். அவருக்குத் தேவை 161 நொடி. அது எங்கே போனது என்று அந்த முதல் பந்தயத்தின் கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். முதல் கிலோமீட்டரை 5 நிமிடம் 25 நொடியில் ஓடியிருக்கிறார். பாட்டு, கூட்டம், கைதட்டல். யாருக்குத்தான் கால் நிற்கும்? ஐந்தாவது கிலோமீட்டரில் 29:55. அப்போது அவர் 60 நிமிடத்துக்குள்தான் இருந்தார்! அடுத்த ஐந்துக்கு ஆனது 32:45. எட்டாவதும் ஒன்பதாவதும் தலா 6:40.

ஆரம்பத்தில் மூச்சு தாங்குகிற வேகத்தைத் தாண்டிப் போனால் உடல் கடன் வாங்கித்தான் ஓடும். தசைக்குப் போதிய ஆக்சிஜன் வராமல், அமிலத்தன்மை ஏறிக்கொண்டே போகும். அந்தக் கடனை ஏழாவது கிலோமீட்டருக்கு மேல் வட்டியோடு கேட்கும். முதல் கிலோமீட்டரில் மிச்சம் பிடித்த 35 நொடியைப் போல மூன்று மடங்கு கடைசியில் போய்விடும். அதனால் 60 நிமிடம் வேண்டுமென்றால் முதல் கிலோமீட்டர் 6:05 என்றே போக வேண்டும். எல்லோரும் நம்மைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். பாதிப் பேரை எட்டாவது கிலோமீட்டரில் பார்க்கலாம்.

பயிற்சியிலும் இதே கதைதான். வேகமாக ஓட ஆசைப்படுகிறவர் வாரத்தில் பெரும்பாலான நாள் மெதுவாக ஓட வேண்டும் என்றால் யாரும் நம்புவதில்லை. பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் அளவு. அக்காவுக்கு அது கிலோமீட்டருக்கு 7:15, 7:30. நடக்கிற தாத்தாக்கள் திரும்பிப் பார்க்கிற வேகம். வாரம் நான்கு நாள் ஓட்டத்தில் மூன்று இப்படி. ஒருநாள் மட்டும் வேகப் பயிற்சி: ஒரு கிலோமீட்டரை 5:50-ல் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடியும் ஓடி, இப்படி ஐந்து தடவை. ஐந்தாவதும் முதலாவதும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். முதலாவதை 5:20-ல் ஓடிக் காட்டுவதில் எந்தப் பெருமையும் இல்லை.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார். ஜூலையில் இன்னொரு பந்தயம். முதல் கிலோமீட்டரை அடக்கித்தான் ஓடினார். வந்த நேரம் 63:55.

சென்னை ஜூலை என்று முதலில் எல்லோரும் சமாதானம் சொன்னோம். அதில் உண்மையும் உண்டு. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். நம் கடற்கரைக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அது காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். தோலைக் குளிர்விக்க ரத்தம் அந்தப் பக்கம் போவதால் காலுக்குப் போவது குறையும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இங்கே சொந்த சாதனைக்கு ஆசைப்படுவதே அதிகம். அந்த மாதங்களில் வாட்சைப் பார்க்காமல் மூச்சைக் கேட்டு ஓடுவது நல்லது. நேரம் எடுக்க டிசம்பரும் ஜனவரியும் இருக்கின்றன. சிலர் இதற்காகவே பெங்களூருக்கு ரயில் ஏறுவார்கள். அங்கே 2008-லிருந்து பெரிய 10 கிலோமீட்டர் பந்தயம் நடக்கிறது. காற்று நம் ஊரைவிடக் குளிர்ச்சிதான், ஆனால் ஏற்ற இறக்கமும் உண்டு. 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் என்பதையும் நுரையீரல் கவனிக்கும்.

ஆனால் அக்கா சொன்ன இன்னொன்று வெயிலோடு பொருந்தவில்லை. "மாடிக்குத் துணி காயப் போடப் போனாலே இப்பல்லாம் மூச்சு வாங்குது." குழுவில் இருக்கும் ஒரு டாக்டரம்மா அதைப் பிடித்துக்கொண்டார். வேகப் பயிற்சியை அன்றே நிறுத்தச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை.

இரண்டு வருடமாக மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்திருக்கிறது. "இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சேன்." வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் கணவரின் சர்க்கரை அளவை நாள்காட்டியில் எழுதி வைக்கிறவர், தன் ரத்தத்தைக் கடைசியாகப் பரிசோதித்தது இரண்டாவது பிரசவத்தின்போது. பிள்ளைக்கு இப்போது 17 வயது.

இதில் அவர் தனி ஆள் இல்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பாதிக்கு மேல்! அடுப்படியில் நிற்கும்போது அது வெறும் அசதியாகத் தெரியும், தள்ளிப்போட்டுவிடலாம். 10 கிலோமீட்டர் ஓட்டம் முழுக்க முழுக்க ஆக்சிஜனை நம்பி நடக்கிற காரியம். அதைச் சுமந்து போகிற ஹீமோகுளோபின் குறைந்தால், பயிற்சி எவ்வளவு செய்தாலும் கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடும்.

அவரை மகளிர் மருத்துவர் பார்த்து, ரத்தப்போக்குக்குக் காரணம் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார். கூடவே இரும்புச்சத்து மாத்திரை. அதைக் காபி, டீயோடு போட்டால் உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு நன்றாகச் சேரும். விடிந்ததும் ஃபில்டர் காபி இல்லாமல் நாள் தொடங்காதவர், மாத்திரைக்காகக் காபியைத் தள்ளி வைத்தார். பயிற்சியைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது என்கிறார். நீங்களாகக் கடையில் மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். இரும்புச்சத்து அதிகமானாலும் கெடுதல்தான். பரிசோதனை, டாக்டர், பிறகு மாத்திரை. அந்த வரிசை மாறக் கூடாது.

இந்த நேரத்தில்தான் அவருடைய தம்பி ஷூ வாங்கித் தருவதாகச் சொன்னார். அடிப்பாகத்தில் கார்பன் தகடு வைத்த ஷூ, விலை இருபதாயிரத்தைத் தொடும். அதனால் பலன் இல்லாமல் இல்லை. உலக தடகள அமைப்பே 2020-ல் தலையிட்டு, சாலைப் பந்தய ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு தகடுக்கு மேல் வைக்கக் கூடாது என்று வரம்பு போட்டது. ஆனால் சில நூறு ரூபாய் ரத்தப் பரிசோதனை செய்யாமல் அந்த ஷூவை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

அக்டோபரில் ஹீமோகுளோபின் 11.4. டிசம்பரில் 12.5. டாக்டர் பச்சைக்கொடி காட்டிய பிறகு வேகப் பயிற்சி மீண்டும் தொடங்கியது. கிலோமீட்டருக்கு 7:15-ல் ஓடினால் முன்பு வந்த அதே மூச்சு, இப்போது 6:55-ல் வந்தது. அவர் புதிதாக எதையும் செய்யவில்லை.

இந்த ஜனவரியில் பந்தயம். முதல் கிலோமீட்டர் 6:04. பாதித் தூரத்தில் 30:10. ஒன்பதாவது கிலோமீட்டரிலிருந்து முழு மூச்சு. வாட்ச் 10 கிலோமீட்டர் என்று மணி அடித்தபோது 59:28. ஆனால் முடிவுக்கோடு இன்னும் கண்ணுக்கு எதிரே, 120 மீட்டர் தள்ளி இருந்தது! கோட்டைத் தாண்டியபோது 60:11. அதுவும் தொடக்கக் கோட்டை நாம் மிதித்த நொடியிலிருந்து, நெஞ்சில் குத்திய எண் அட்டையின் சிப் கணக்குப்படி. துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணினால் இன்னும் இரண்டு நிமிடம் கூடும்.

"தூரத்தைத் தப்பா அளந்திருக்காங்கம்மா. வாட்ச்ல வந்த 59:28-ஐயே ஸ்டேட்டஸ்ல போடு" என்றான் மகன்.

பலர் இப்படிப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முறைப்படி அளந்த பாதை குறைவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அளவு சரிபார்த்த சைக்கிளில், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் 'ஜோன்ஸ் கவுண்டர்' என்ற கருவியை மாட்டி, ஓட்டிப் போய் அளப்பார்கள். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, இருப்பதிலேயே குறுகிய வழியில். அதற்கு மேலும் ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூட்டி வைப்பார்கள். 10 கிலோமீட்டருக்கு 10 மீட்டர். குறைந்துவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதை. வாட்ச் அப்படியில்லை. செயற்கைக்கோளைப் பார்த்து உத்தேசமாகப் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கூட்டிச் சொல்வது. உயரமான கட்டடமும் மரமும் வந்தால் தடுமாறும்.

ஆனால் 120 மீட்டரும் வாட்சின் பிழை இல்லை. பந்தய வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கா வெளிப்பக்கமாகவே சுற்றி வந்திருக்கிறார். வலப்பக்கம் இருந்த தண்ணீர்ப் பந்தலுக்காகச் சாலையைக் குறுக்கே கடந்து, மறுபடி இடப்பக்கம் வந்திருக்கிறார். கூட்டத்தில் ஆட்களைச் சுற்றிச் சுற்றி முந்தியிருக்கிறார். 11 நொடி என்பது அவருடைய வேகத்தில் சுமார் 30 மீட்டர்தான்.

மகனிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "கோடு எங்கடா இருந்துச்சு?"

ஸ்டேட்டஸில் 60:11 என்றே போட்டார்.

அடுத்த பந்தயத்தின் பாதை வரைபடம் வந்துவிட்டது. அதை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, திருப்பங்களை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார். எந்தத் திருப்பத்துக்கு எங்கிருந்து ஓரம் பிடிப்பது, எந்தத் தண்ணீர்ப் பந்தலை விட்டுவிடலாம் என்று பக்கத்தில் குறிப்பு. அதற்குக் கீழே, கணவரின் சர்க்கரைத் தேதிகளுக்கு நடுவில், அடுத்த ஹீமோகுளோபின் பரிசோதனைக்கும் ஒரு தேதி எழுதியிருக்கிறது.