‘வாங்கு’ என்று எழுதிவிட்டு வாடகைக்கு விடுகிறார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. நாக்பூர் வெயிலைப் பற்றி ஏற்கெனவே நிறையப் புலம்பியாகிவிட்டது, அதனால் அதை விட்டுவிடுகிறேன். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. நான் காபியும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து பையன் கூப்பிட்டான்.

"அப்பா, இங்க வந்து பாருங்களேன்."

அவன் பத்தாம் வகுப்பு தேறியபோது கோவில்பட்டியிலிருந்து தாத்தா அனுப்பிய பணத்தில் வாங்கிய கார் ரேஸ் விளையாட்டு அது. தனியாக விளையாடினாலும் இணையம் இருந்தால்தான் ஓடும். ஏன் அப்படி என்று வாங்கும்போது நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. இப்போது திரையில் காரைக் காணோம், ரோட்டைக் காணோம். இரண்டே வரிகள். இந்தச் சேவை முடிவுக்கு வந்துவிட்டதாம். இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றியாம்.

"நாம காசு குடுத்துத்தானே வாங்கினோம்?"

"ஆமா."

"அப்புறம் எப்படி அவங்க திருப்பி எடுத்துக்க முடியும்?"

பி.காம். படித்து, இருபது வருடத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டிய எனக்கு உடனே பதில் வரவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிப் பார்த்தேன். மரியாதையாகவே பதில் வந்தது. நீங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே. வாங்கி நாளாகிவிட்டதால் பணம் திரும்பக் கிடைக்காது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இது ஒரு நிறுவனத்தின் குற்றம் இல்லை, ஒரு தொழிலே பழகிக்கொண்ட வழக்கம்.

உரிமமா? நான் அழுத்திய பொத்தானில் அப்படி எழுதியிருக்கவில்லையே ஐயா. ‘வாங்கு’ என்றல்லவா எழுதியிருந்தது?

என் கோபம் போன பணத்துக்காக இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக.

நம் ஊரில் ஒரு பொருளோ நிலமோ கை மாறுவதற்கு எத்தனை வார்த்தைகள் வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கிரயம், அடமானம், ஒத்தி, போக்கியம், குத்தகை, வாடகை, இரவல். ஒவ்வொன்றுக்கும் உரிமை வேறு, காலம் வேறு, விலை வேறு. ஒத்திக்கு விட்ட வீட்டைக் கிரயம் என்று சொல்லிப் பணம் வாங்கினால் ஊரில் அதற்குப் பெயர் மோசடி. பழைய கிரயப் பத்திரங்களில் ஒரு வாசகம் தவறாமல் வரும். புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று. பிள்ளை, பேரனுக்குக் கொடுக்கலாம், தானம் செய்யலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். நம் தாத்தாக்கள் ‘வாங்கினேன்’ என்று சொன்னால் அது இத்தனையையும் சேர்த்துத்தான்.

இன்று ‘வாங்கு’ பொத்தானை அழுத்தி நான் பெற்றதில் இவற்றில் ஒன்றாவது உண்டா? தம்பி மகனுக்குக் கொடுக்க முடியாது. விற்க முடியாது. மாற்றிக்கொள்ள முடியாது. பிள்ளைக்கு விட்டுப்போவது இருக்கட்டும், எனக்கே நாளை இருக்குமா என்று தெரியாது.

கல்லூரியில் வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் நாங்கள் படித்த பேப்பர். அதில் 1930-ஆம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டம் வரும். விற்றவன் வாங்கியவனின் நிம்மதியான அனுபவத்துக்குக் குறுக்கே வரக்கூடாது என்பது அதன் 14-ஆம் பிரிவில் உள்ள உத்தரவாதங்களில் ஒன்று. எழுதிக் கொடுக்காவிட்டாலும் விற்பனையோடு கூடவே வருவது அது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது, விற்றவன் ராத்திரியோடு ராத்திரியாக வந்து பொருளை எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று.

ஏதோ என் வீட்டில் மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள்.

யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்ற கார் விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைபடமாக்கி அதில் ஓட்டலாம். தட்டாகவும் கடைகளில் விற்றார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தி, 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அலமாரியில் தட்டு பத்திரமாக இருக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றும் ஓடாது. போதாக்குறைக்கு, வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அதை நீக்கவும் செய்தார்கள். கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். வாங்குவது உரிமம்தான் என்று முன்பே தெரிவித்திருந்தோமே என்பது நிறுவனத் தரப்பின் வாதம்.

இது விளையாட்டோடு நிற்கிற வியாதியும் இல்லை. 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலின் ஒரு மின்பதிப்பை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிக்குள் புகுந்து அழித்தது. அந்தப் பதிப்பை விற்றவருக்கு அதற்கான உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஜெஃப் பெஸோஸ் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் உலகத்துக்கு அன்றைக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. கடைக்காரரிடம் நம் வீட்டு அலமாரிச் சாவி இருக்கிறது. அதுவும் அரசாங்கம் எல்லாவற்றையும் அழித்துத் திருத்தி எழுதுவதைப் பற்றிய நாவல்! வேறு புத்தகமே கிடைக்கவில்லையா உங்களுக்கு?

இனி நான் ரசித்த வேடிக்கைக்கு வருகிறேன். கொஞ்சம் சட்டம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 நவம்பரில் டி.சி.எஸ். நிறுவனத்துக்கும் ஆந்திர அரசுக்கும் இடையிலான வழக்கில், தட்டில் பதிந்து கடையில் விற்கும் மென்பொருள் ஒரு ‘சரக்கு’தான், விற்பனை வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு வெளிநாட்டு மென்பொருளுக்கு நம் நிறுவனங்கள் கொடுக்கும் பணம் ராயல்டியா, இல்லையா என்று வருமான வரித் துறையோடு வருடக்கணக்கில் இழுபறி. ராயல்டி என்றால் கொடுக்கும்போதே வரி பிடிக்க வேண்டும். அங்கே மென்பொருள் தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? "இது பதிப்புரிமைக்கான பணமே இல்லை, ஒரு பிரதியை விற்ற விலைதான்" என்று! 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. ஒப்பந்தத்தின் தலைப்பில் உரிமம் என்று போட்டிருந்தாலும் நடந்தது என்னவோ விற்பனைதான் என்றது.

அந்தத் தீர்ப்பு வருமான வரி பற்றியது, வீடியோ கேம் பற்றியது அல்ல என்பது எனக்கும் தெரியும். அங்கே வாதாடியவர்களும் என் பையனுக்கு விற்றவர்களும் ஒரே ஆட்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் தொழில் என்ற முறையில் பாருங்கள். வரி அதிகாரி வந்தால் இது விற்பனை. வாடிக்கையாளர் வந்தால் இது உரிமம். எங்கள் ஆடிட்டில் ஒரே பதிவை இரண்டு விதமாகக் காட்டினால் மெமோ வரும் ஐயா.

"நீ மட்டும் யோக்கியமா? வங்கிக்காரன் பொடி எழுத்தில் எழுதாததா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முப்பது பக்கக் கடன் பத்திரத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கியவன்தான் நானும். ஆனால் எங்களுக்கு மேலே ஒருவர் பிரம்போடு நிற்கிறார். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கடனை முழுதாக அடைத்த முப்பது நாளுக்குள் சொத்துப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு. டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தபோது எங்கள் கிளையில் பழைய ஃபைல்களைத் தேடி எல்லோரும் ஓடிய ஓட்டம் எனக்கல்லவா தெரியும்!

நகைக்கடன் கவுண்டருக்கு ஒரு அம்மா வருகிறார். வைத்த நகையை மீட்க அசலும் வட்டியும் கட்டுகிறார். நாங்கள் பையைப் பிரித்து அதே வளையலை, அதே நெளிவோடு, அவர் கையில் கொடுக்க வேண்டும். "அம்மா, வளையல் சேவை முடிவுக்கு வந்துவிட்டது, இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி" என்று சொல்லிப் பார்க்கட்டும் யாராவது. கிளை மேலாளர் வீடு போய்ச் சேரமாட்டார். இத்தனைக்கும் அது எங்களிடம் அடகு இருந்த நகை. முழுப் பணமும் கொடுத்து வாங்கிய பொருளுக்கு அந்த மரியாதைகூட வேண்டாமா?

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. சர்வரை ஓட்டக் காசு ஆகும், பத்துப் பேர் விளையாடுகிற ஒன்றைக் காலத்துக்கும் சுமக்க முடியாது என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். நஷ்டத்தில் ஓடும் கிளையை மூடுகிற தொழிலில் இருப்பவன்தான் நானும். ஆனால் கிளையை மூடினால் கணக்கை அடுத்த கிளைக்கு மாற்றிக் கொடுக்கிறோம், சேமிப்பையும் சேர்த்து மூடிவிடுவதில்லை. சர்வரைக் காலமெல்லாம் ஓட்டுங்கள் என்று யார் கேட்டது? போகும்போது பொருளை எங்களிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை.

முடியாத காரியமா அது? 1993-இல் வந்த ‘டூம்’ விளையாட்டின் மூல நிரலை 1997-இல் பொதுவில் விட்டார்கள், இன்றைக்கும் புதுப்புது இயந்திரங்களில் அதை ஓடவிட்டு விளையாடுகிறார்கள். கூகுள் 2023 ஜனவரியில் ‘ஸ்டேடியா’வை மூடியபோது, தன் கடையில் விற்ற கருவிக்கும் விளையாட்டுகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. சோனியின் ‘கான்கார்ட்’ 2024-இல் இரண்டே வாரத்தில் மூடப்பட்டபோதும் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. அவ்வளவு ஏன், ‘தி க்ரூ’வுக்கு எழுந்த கூச்சலுக்குப் பிறகு அதே யூபிசாஃப்ட் ‘தி க்ரூ 2’ விளையாட்டை இணையம் இல்லாமல் ஓட வைக்கப்போவதாக 2024-இல் அறிவித்து, 2025-இல் செய்தும் காட்டியது. கூச்சல் போட்டால் முடிகிறது. போடாவிட்டால் முடியாது. தொழில்நுட்பப் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று புரிகிறதா?

கூச்சல் போட்டவர்கள் ஐரோப்பாக்காரர்கள். அங்கே ‘விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள்’ என்று ஆரம்பித்த மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. கொடுப்பது உரிமம்தான் என்றால் அதைப் பளிச்சென்று சொல்லாமல் ‘வாங்கு’ என்று எழுதக்கூடாது. இங்கே? நம் மத்திய அரசும் 2023 நவம்பரில் இணையக் கடைகளின் 13 ஏமாற்று வித்தைகளைப் பட்டியல் போட்டது. கேட்காத பொருளைக் கூடையில் திணிப்பது, பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாம் அதில் உண்டு. வாடகைக்கு விடுவதை விற்பனை என்று எழுதுவது தனியாக அதில் இல்லை. பதினான்காவதாகச் சேர்த்தால் என்ன?

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, உரிமம் என்றால் பொத்தானில் அப்படியே எழுதுங்கள். இரண்டு, எத்தனை வருடத்துக்கு என்று விற்கும்போதே சொல்லுங்கள், பால் பாக்கெட்டில்கூடத் தேதி இருக்கிறது. மூன்று, அதற்கு முன்னால் மூடினால் இணையம் இல்லாமல் ஓடும்படி செய்துவிட்டு மூடுங்கள், இல்லை பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். வாடகை என்று தெரிந்தால் நான் வாடகைக்குத் தகுந்த காசுதான் கொடுப்பேன். கிரய விலையை வாங்கிக்கொண்டு குத்தகைச் சீட்டு எழுதித் தராதீர்கள்.

நான்காவது ஊர் இது எனக்கு. ஒவ்வொரு மாற்றலுக்கும் மூட்டை கட்டுகிறவனுக்கு, சுமை இல்லாத டிஜிட்டல் பொருள் வரம் மாதிரித் தோன்றியது. அதனால்தான் புத்தகம், பாட்டு, விளையாட்டு எல்லாவற்றையும் அப்படி வாங்க ஆரம்பித்தேன். சுமை இல்லாததற்குக் காரணம் அது என்னுடையதாகவே இல்லாததுதான் என்று இப்போது புரிகிறது.

கோவில்பட்டி வீட்டுப் பரணில், நான் எட்டாவது படிக்கும்போது அப்பா வாங்கித் தந்த டிவி கேம் ஒன்று கிடக்கிறது. மஞ்சள் கேசட்டைப் போட்டு, ஓடாவிட்டால் வெளியே எடுத்து வாயால் ஊதி மறுபடி போடுவோமே, அதே சாதி. தெருவில் உள்ள அத்தனை பையன்களும் அந்தக் கேசட்டை இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள். போன தீபாவளிக்குப் போனபோது பையன் அதைத் தூசி தட்டி மாட்டினான். இரண்டு தடவை ஊதினான். ஓடியது.

அது கள்ள நகல் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். கள்ளச் சரக்கு முப்பது வருடம் கழித்தும் ஓடுகிறது. ஜி.எஸ்.டி. கட்டி, பில் வாங்கி, நேர்மையாக வாங்கிய சரக்கைக் காணோம்.

"இனிமே காசு குடுத்து வாங்கணுமாப்பா?" என்று பையன் கேட்கிறான். வாங்க வேண்டும், உழைத்தவனுக்குக் கூலி போக வேண்டும் என்றுதான் சொன்னேன். முன்பு மாதிரிக் குரல் எழும்பவில்லை. நாணயமாக இரு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற அப்பன்களின் வேலையை இவர்கள் எவ்வளவு கஷ்டமாக்கிவிட்டார்கள் பாருங்கள்.