சிப்பாயும் சுருட்டும்

பட்டாளத்துக்காரன் புகையிலை உபயோகிக்கலாமா, கூடாதா என்னும் கேள்வியை வேடசந்தூரில் உட்கார்ந்துகொண்டு எழுப்பச் சற்றுத் துணிச்சல் வேண்டும். இவ்வூரைச் சுற்றிலும் புகையிலை பயிராகிறது. 1948-ஆம் ஆண்டில் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் இங்கே ஏற்பட்டது. பக்கத்துத் திண்டுக்கல்லில் ஸ்பென்ஸர் கம்பெனியார் சுருட்டுத் தொழிற்சாலை நடத்திய காலமும் உண்டு. நம்மிடம் படிக்கும் பிள்ளைகள் பலருக்குப் புத்தகம் வாங்கித் தந்தது புகையிலைப் பணந்தான். அவர்களிலேயே சிலர் பின்னர் பட்டாளத்தில் சேருகிறார்கள். ஆகவே இரு தரப்புக்கும் நாம் கடமைப்பட்டவர்கள்.

சிப்பாய்க்குச் சர்க்காரே புகையிலை வழங்குவது ஒரு காலத்தில் பெரிய தர்மமாகக் கருதப்பட்டது. 1914-ஆம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரியின் பெயரால் பிரிட்டிஷ் படையினருக்கு ஒரு பித்தளைப் பெட்டி அனுப்பினார்கள். அதில் புகைக்குழாயும் புகையிலையும் சிகரெட்டுகளும் இருந்தன. புகை பிடிக்காதவர்களுக்கு மிட்டாயும், எழுதுவதற்குக் காகிதமும் பென்ஸிலும். சீக்கியர்களுக்கோ கற்கண்டும் மசாலாப் பொருள்களும்! புகையிலையைத் தொடாத அச்சமயத்தார் யுத்தத்தில் யாருக்கும் இளைத்தவர்களா? 1897-ல் சாராகடியில் ஆயிரக்கணக்கான எதிரிகளை எதிர்த்து நின்று, ஒருவர் மிச்சமின்றி மாண்ட 21 வீரர்களும் 36-ஆவது சீக்கியப் படையினரே. புகை உள்ளே போனால்தான் தைரியம் வரும் என்பவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாயின் உணவுப் பொட்டலத்திலேயே சிகரெட்டும் வந்தது. யுத்தம் முடிந்து முப்பது ஆண்டு கழித்து, 1975-ல்தான் அவ்வழக்கம் நின்றது. இலவசமாகக் கிடைத்ததை ஊதப் பழகியவர்கள் ஊருக்குத் திரும்பிய பின் காசு கொடுத்து ஊதினார்கள். லாபம் யாருக்கு என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

"உயிரையே கொடுக்க வந்தவனுக்கு ஒரு பீடி கூடாதா, ஸார்?" என்று நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் கேட்டார். ஊரில் இருந்தவரை அவர் பீடி தொட்டதில்லையாம். பனியில் இராக் காவல் நின்றபோது, தூக்கம் வராதிருக்கத் தோழன் ஒருவன் கொடுத்ததுதான் முதல் பீடி. இப்போது நாலு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு முறை இருமுகிறார். அவர் கேள்வியை அலட்சியமாகத் தள்ள நமக்கு மனம் வரவில்லை. நிகோடின் சிறிது நேரம் விழிப்பைக் கொடுப்பது உண்மைதான். ஆனால் பழகியவனுக்கு அது கிடைக்காத அன்று என்ன நேருகிறது? கவனம் சிதறுகிறது, எரிச்சல் மூளுகிறது. பாதை அடைபட்டுச் சாமான் வந்து சேராத எல்லைக் காவலில் இது சாதாரண விஷயமன்று. மேலும், புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். சியாச்சின் சிகரங்களில் பிராணவாயுவுக்கே பஞ்சம். அங்கே நிற்பவன் உள்ளதையும் இழக்கலாமா?

புகையை விட்டு மெல்லலாமே என்பார்கள் நம்மூரார். இது மெல்லும் புகையிலைக்குப் பேர்போன சீமை. இருளில் நெருப்புத் தெரியாது என்பது வரைக்கும் சரி. வாயில் வரும் புற்றுநோய்க்கு இருளும் வெளிச்சமும் ஒன்றே. நம் குடியானவர்களின் பிழைப்பு என்னவாகும் என்பது தனிக் கேள்வி. அதை இன்னொரு வாரம் பார்ப்போம்.

ஏற்கெனவே பழகிவிட்ட சிப்பாயைத் தண்டிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. விட விரும்புகிறவனுக்கு வைத்தியர் துணை வேண்டும். காவல் நிற்பவனுக்குச் சூடான தேநீரும், முறை மாற்ற ஆளும், வீட்டாரோடு பேச வசதியும் வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் விஷயத்திலோ நாம் கண்டிப்பாகவே இருப்போம். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்று 2003-ஆம் வருஷச் சட்டம் கூறுகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் மாதக்கணக்கில் தங்கிப் பாடம் கற்கும் பட்டாளப் பயிற்சி முகாம் பள்ளிக்கூடம் இல்லாமல் வேறென்ன? உள்ளேயும் வெளியேயும் அந்த 100 கஜத்தை அங்கேயும் அளந்துவிடட்டும்.