பணயம் நீங்கிய பலகை: ஆன்லைன் விளையாட்டு வகுப்பறையாக முடியுமா?

மைசூரு: பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடு முழுவதும் தடை விதிக்கும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். தடையைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, அச்சட்டத்தின் பெயரிலேயே உள்ள ‘ஊக்குவிப்பு’ என்ற சொல்லைப் பற்றிப் பேசப்படவில்லை. மாணவர்கள் ஒன்றுகூடி இணையத்தில் விளையாடி, அதன் வழியே கணிதமும் வரலாறும் வடிவமைப்பும் கற்க முடியுமா என்பதே அச்சொல் எழுப்பும் கேள்வி. அதற்கு விடை தேடப் பொருத்தமான நகரங்களில் ஒன்று மைசூரு.

சட்டம் வகுத்த மூன்று வகைகள்

புதிய சட்டம் ஆன்லைன் விளையாட்டுகளை மூன்றாகப் பிரிக்கிறது. போட்டி முறையிலான மின் விளையாட்டு, பணயம் இல்லாத சமூக விளையாட்டு ஆகிய இரண்டும் ஊக்குவிக்கப்பட வேண்டியவை. பண விளையாட்டு தடைசெய்யப்பட்டது. பண விளையாட்டை வழங்குவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பொழுதுபோக்குக்கும் திறன் வளர்ச்சிக்குமான விளையாட்டுகள் சமூக விளையாட்டு என்ற வகையில் அடங்கும். அவற்றுக்குச் சந்தா வசூலிக்கலாம். பந்தயம் மட்டும் கூடாது.

இதற்கு முன் நீதிமன்றங்களில் நடந்த வாதம் வேறு. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் கூறியது. அந்த வழியில், கர்நாடக அரசு 2021-ல் கொண்டுவந்த தடையின் முக்கியப் பிரிவுகளை அம்மாநில உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் ரத்து செய்தது. தமிழ்நாடு அரசின் சட்டத்தில் ரம்மி, போக்கர் தொடர்பான பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே மத்திய சட்டம் இப்போது ஒதுக்கிவிட்டது: பணயம் இருந்தால் இரண்டுக்கும் தடை. சட்டத்துக்குத் தேவைப்படாத அந்தக் கேள்விதான் வகுப்பறைக்கு மிகவும் தேவைப்படுகிறது.

கேள்வியில் தொடங்கும் கணிதம்

பரமபதத்தில் ஆடுபவர் எடுக்கும் முடிவு ஒன்றுமில்லை. காய் எங்கே போகும் என்பதைத் தாயக்கட்டையே தீர்மானிக்கிறது. சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. தாயம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: விழும் எண் நம் கையில் இல்லை, எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில் இருக்கிறது. இந்த மூன்றையும் ஆடிப் பார்த்த மாணவருக்கு நிகழ்தகவும் முடிவெடுத்தலும் தனித்தனி என்பது விளங்கிவிடும்.

அடுத்த படி ஆட்டக் கோட்பாடு. ஜான் வான் நியூமன், ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் ஆகியோர் 1944-ல் வெளியிட்ட நூலால் தனித் துறையாக உருவெடுத்த இது, பிறர் என்ன செய்வார் என்பதைக் கணித்து நம் முடிவை எடுக்கும் நிலைமைகளை ஆராய்கிறது. நான்கு பேர் தலா 100 ரூபாய் கட்டி, தளம் 10 சதவீதம் எடுத்துக்கொண்டால், 400 ரூபாய் கட்டியவர்களிடையே 360 ரூபாயே திரும்புகிறது. யார் வென்றாலும் நால்வரும் சேர்ந்து 40 ரூபாய் இழக்கிறார்கள். பண விளையாட்டின் ஆபத்தை விளக்க இதைவிடச் சுருக்கமான பாடம் இருக்க முடியாது.

ஒத்துழைப்பையும் இப்படிக் கற்பிக்கலாம். அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராட், ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று இருவர் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்தைக் கணினி நிரல்களுக்கு இடையே போட்டியாக நடத்தினார். அவர் நடத்திய இரண்டு போட்டிகளிலும், முதலில் நம்பி, பின்னர் எதிராளி செய்ததையே திருப்பிச் செய்யும் மிக எளிய நிரலே வென்றது. இதே கருத்தைக் கொண்ட ‘நம்பிக்கையின் பரிணாமம்’ என்ற இலவச இணைய விளையாட்டை நிக்கி கேஸ் 2017-ல் வெளியிட்டார். வகுப்பு முழுவதும் ஒரே திரையில் சேர்ந்து ஆடி, ஒவ்வொரு சுற்றுக்கும் முன் முடிவைக் கணித்துப் பார்க்க அது ஏற்றது.

அரண்மனையில் பிறந்த ஆட்டங்கள்

மைசூரு அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து 1831-ல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைப் பறித்தனர். 1868-ல் மறையும் வரை அவர் கலைகளிலும் விளையாட்டுகளிலும் ஆழ்ந்த கவனம் செலுத்தினார். சதுரங்கக் குதிரை 64 கட்டங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் தொட்டுச் செல்லும் புதிரில் ஈடுபட்டார். புதிய பலகை ஆட்டங்களையும் கஞ்சிஃபா சீட்டாட்டங்களையும் வகுத்தார். அவர் தொகுப்பித்த ‘ஸ்ரீதத்துவநிதி’யில் விளையாட்டுகளுக்கென்றே ‘கௌதுக நிதி’ என்ற பகுதி உள்ளது. மைசூரு கஞ்சிஃபா சீட்டுகள் இன்று புவிசார் குறியீடு பெற்றவை. நகரைச் சேர்ந்த ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானா பழைய பலகை விளையாட்டுகளுக்குக் கண்காட்சிகள் நடத்தி வருகிறது.

இருந்தும் அரசரின் சீட்டாட்டங்கள் மக்களிடம் பரவவில்லை. கையால் வரைந்த ஏராளமான சீட்டுகளும் சிக்கலான விதிகளும் அவற்றை அரண்மனைக்குள் நிறுத்தின. மலிவாக அச்சான 52 சீட்டுகள் வீதிகளை வென்றன. மாறாக, எளிய விதிகள் கொண்ட பச்சீசி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ‘லூடோ’வாக உருமாறி, இன்று கைப்பேசி வழியாக இந்திய வீடுகளுக்கே திரும்பியிருக்கிறது. ஓர் ஆட்டம் ஏன் வாழ்கிறது, இன்னொன்று ஏன் மறைகிறது என்பது வரலாற்றுக் கேள்வி மட்டுமல்ல. வடிவமைப்புக் கேள்வியும் கூட. வரைவதற்கான செலவு திரையில் மறைந்துவிடுவதால், அந்தச் சீட்டுகளை மாணவர்கள் இணையத்தில் மீட்டெடுத்து, விதிகளைச் சுருக்கி ஆடிப் பார்க்கலாம்.

தமிழ் வாழ்வை விளையாட்டாக்க முடியும் என்பதற்குச் சான்று ‘வெண்பா’. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையை, சிதைந்த சமையல் குறிப்பேட்டைச் சரிசெய்யும் புதிராக அமைத்த அந்த விளையாட்டு, 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை வென்றது.

ஆட்டம் முடிந்த பின்

எச்சரிக்கைக்கும் காரணம் உண்டு. விளையாட்டு அடிமைநிலையை உலக சுகாதார அமைப்பு நோய் வகைப்பாட்டில் சேர்த்துள்ளது. அளவுமீறிய தொழில்நுட்பப் பயன்பாட்டுக்குச் சிகிச்சையளிக்க, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. பணயம் இல்லை என்பதால் மட்டும் ஓர் ஆட்டம் பாடமாகிவிடாது.

வேறுபாடு ஆட்டம் முடிந்த பின்தான் தெரிகிறது. லாப நோக்கற்ற லிசெஸ் தளம் ஒவ்வொரு சதுரங்க ஆட்டத்தையும் பதிந்து, தவறிய நகர்வை இலவசமாகச் சுட்டிக்காட்டுகிறது. கற்பிக்கும் ஆட்டம் ஆடியவரை நிறுத்தி யோசிக்க வைக்கிறது; அடிமைப்படுத்தும் ஆட்டம் உடனே அடுத்த சுற்றுக்குத் தள்ளுகிறது. ஒரு மணி நேர ஆட்டத்துக்கு அரை மணி நேர உரையாடல், அதை நடத்தத் தெரிந்த ஆசிரியர், தாய்மொழியில் விளக்கக் குறிப்பு ஆகியவை இல்லாமல் ‘ஊக்குவிப்பு’ காகிதத்திலேயே நின்றுவிடும்.

தடைக்குப் பின் முன்னணி நிறுவனங்கள் பல பண விளையாட்டுகளை நிறுத்தின. அங்கே விளையாடிக்கொண்டிருந்த இளைஞர்களின் கைப்பேசி இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதில் அடுத்து எந்த ஆட்டம் திறக்கும் என்பதைச் சட்டம் மட்டும் முடிவு செய்யாது; பள்ளிகளும் கல்லூரிகளும் இப்போது எடுக்கும் முயற்சியையும் அது பொறுத்திருக்கிறது.