டார்ச் யார் கையில்?

டார்ச் லைட்டுக்கெல்லாம் ஒரு பதிவா என்று சிரிக்காதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் உருளைக்கிழங்குக் குளிர்கிடங்குகளுக்குக் கடன் கொடுக்கும் வங்கிக் கிளையில் உட்கார்ந்தால் உங்களுக்கும் இதில் ஒரு அபிப்பிராயம் வந்துவிடும்.

நான் சொல்வது நம் வீட்டுப் பரணில் கிடக்கும் மூணு செல் டார்ச் இல்லை. தலை மட்டும் செங்கோணத்தில் திரும்பியிருக்கும் எல்.இ.டி. டார்ச். உடம்பு சட்டைப்பையில் நேராக நிற்கும், வெளிச்சம் முன்னால் போகும். பின்பக்கம் அழுத்தமான கிளிப். அதை மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் நமக்கே.

வடிவம் ஒன்றும் புதுசில்லை. இரண்டாம் உலகப் போரிலேயே அமெரிக்கப் படையினர் டி.எல்-122 என்ற செங்கோண டார்ச்சை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதன் வாரிசான எம்.எக்ஸ்-991 வியட்நாம் போரில் இருந்தது. இரண்டு பெரிய டி செல், ஒரு குண்டு பல்பு, அடிமூடிக்குள் கலர் ஃபில்டர்கள். தீயணைப்பு வீரர்கள் கோட்டில் மாட்டுவதும் இந்த வடிவம்தான். எல்.இ.டி. வந்தபிறகு அது உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பேங்க்காரனுக்கு இது எதற்கு?

இங்கே பிப்ரவரி, மார்ச்சில் தோண்டும் கிழங்கு அக்டோபர், நவம்பர் வரை குளிர்கிடங்கில் இருக்கும். உள்ளே 2 முதல் 4 டிகிரி. வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகி சோலனைன் சேரும் என்பதால் அறைகளை இருட்டாகவே வைப்பார்கள். மாடி மாடியாக மரச்சட்டத் தளங்கள், அவற்றின்மேல் மூட்டைகள், நடுவில் ஒரு ஆள் நுழையும் சந்து. மங்கி கேப் போட்டுக்கொண்டு அந்தச் சந்தில் நுழைந்து, மூட்டைகளை எண்ணி, ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் கொடுத்த கணக்கோடு ஒப்பிட வேண்டும். அந்தச் சரக்கின் பேரில்தான் கடனே நிற்கிறது.

எண்ணுவது என்றால் ஒவ்வொன்றாக இல்லை. நீளம், அகலம், உயரம் பார்த்துப் பெருக்குவோம். ஓர் அடுக்கில் 10, 8, 8 என்றால் 640 மூட்டை. மூட்டைக்கு 50 கிலோ, ஆக 32 டன். இதே அடுக்கில் மேல் வரிசையை மட்டும் மூடிவிட்டு உள்ளே 4-க்கு 4 காலியாக விட்டிருந்தால் 112 மூட்டை, அதாவது 5.6 டன், காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுவது நியாயம். அது எது, இது எது என்று சந்துக்குள் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதிகாரியின் ஒரு கையில் ரெஜிஸ்டர், இன்னொரு கையில் பேனா. டார்ச்சை யார் பிடிப்பது? கிடங்கு முன்ஷி பிடிப்பார். "சாப், இதர் தேக்கியே" என்று அவர் காட்டுகிற வரிசையை நாம் பார்ப்போம். அவர் காட்டாத வரிசை இருட்டிலேயே இருக்கும். முன்ஷிகளில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள், குளிரில் சூடாக டீயும் தருவார்கள். ஆனால் கடன் வாங்கியவரின் ஆள் வெளிச்சம் காட்ட, கடன் கொடுத்தவர் எண்ணுவது, பரீட்சை எழுதுபவனே கேள்வித்தாளும் தயாரிப்பது மாதிரி. தப்பு நடக்க வேண்டும் என்பதில்லை. நடந்தால் தெரியாது என்பதே போதும். டார்ச் என் சட்டைப்பையில் இருந்தால் நான் திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சம் திரும்பும். மூட்டையில் எழுதிய லாட் நம்பரைப் படித்தபடியே எழுதலாம்.

இது நேர்மையான கிடங்குக்காரருக்கும் பாதுகாப்பு. இருட்டில் இரண்டு வரிசை விட்டுப்போனால் அவருடைய டிராயிங் பவர்தான் குறையும்.

மொபைலில் லைட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு கை வேண்டும். போட்டோ எடுக்கவும் அதே போன்தான். தலையில் மாட்டும் விளக்கு வாங்கலாமே என்பார்கள். நல்லதுதான், ஆனால் பேசுகிறவரின் கண்ணிலேயே அடிக்கும். கண் கூசுகிற மனிதரிடம் கேள்வி கேட்டால் போலீஸ் விசாரணை போல இருக்கும் :-)

குறையும் உண்டு. குனிந்தால் வெளிச்சம் காலடிக்குப் போய்விடும். எழுதும் கையின் நிழல் தாளில் விழும். லேசான சட்டைப்பை என்றால் பாரத்தில் தொங்கும். ஸ்வெட்டர் அல்லது ஜாக்கெட்டின் தடித்த விளிம்பில் மாட்டுவது உத்தமம்.

வாங்கும்போது லூமன் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். சந்துக்குள் 100 லூமனே தாராளம். 1000 என்று போட்டிருப்பவை பல, சில நிமிடங்களில் சூடாகித் தானே மங்கிவிடும். பெட்டியில் எஃப்.எல்.1 முத்திரை இருந்தால் ஒரே அளவுகோலில் ஒப்பிடலாம். 2009-இல் வந்த அமெரிக்க அளவுகோல் அது. அதன்படி 'எத்தனை மணி நேரம்' என்பது வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 10 சதவீதமாகக் குறையும் வரை. முழு வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் என்று அர்த்தமில்லை. கான்கிரீட்டில் விழுந்தாலும் பிழைக்குமா என்பதற்கும், தண்ணீருக்கும் அதில் தனித்தனிக் குறி உண்டு. தண்ணீர்க் குறி முக்கியம். 3 டிகிரியிலிருந்து மே மாத வெயிலுக்கு வெளியே வந்தால் டார்ச்சே வியர்க்கும்.

பேட்டரியும் கவனிக்க வேண்டியது. சாதாரண அல்கலைன் செல் குளிரில் சோர்ந்துபோகும், மறந்து உள்ளேயே விட்டால் கசிந்து டார்ச்சைத் தின்றுவிடும். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் என் தேர்வு. ஏஏ அளவு என்றால் எந்தக் கடைத்தெருவிலும் மாற்று கிடைக்கும்.

இப்போது மின்னணுக் கிடங்கு ரசீது வந்துவிட்டது, 2017-லிருந்து இருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் ரசீது கம்ப்யூட்டரில் இருந்தாலும் கிழங்கு கிடங்கில்தான் இருக்கிறது. யாராவது ஒருவர் உள்ளே போய்ப் பார்த்தே ஆகவேண்டும்.

கள்ளநோட்டைப் பார்க்கக் கிளைக்குக் கிளை புற ஊதா விளக்கு வைத்திருக்கிறோம். லட்சக்கணக்கில் கடன் நிற்கும் மூட்டைகளைப் பார்க்க மட்டும் கிடங்குக்காரரின் டார்ச்சை நம்புகிறோம். ஆய்வுக்குப் போகும் அதிகாரிக்கு ஒரு செங்கோண டார்ச்சும் இரண்டு ஜோடி செல்லும் கிளைச் செலவில் கொடுத்தால் எந்த வங்கியும் நொடித்துப்போகாது. கொடுக்கும்வரை, சொந்தக் காசில் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.