டீச்சர் முகத்தில் எழுதியிருக்கிறது

பெர்லின் நகரத்தில் 1904-ம் வருஷம் ஒரு குதிரை கணக்குப் போட்டுக் கொண்டிருந்தது. பெயர் ஹான்ஸ். அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்கிற ரிடையரான கணக்கு வாத்தியார். (ரிடையரானாலும் வாத்தியார் வாத்தியார்தான். சொல்லிக் கொடுக்க யாராவது கிடைக்க வேண்டும். அவருக்குக் குதிரை கிடைத்தது.) 'ஏழும் அஞ்சும் எவ்வளவு?' என்கிற மாதிரி கேட்டால் ஹான்ஸ் குளம்பால் தரையில் பன்னிரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தும். கூட்டல், கழித்தல், பின்னம், காலண்டர் எல்லாம் அத்துப்படி. டிக்கெட்டும் கிடையாது, இலவசக் காட்சி. ஊரே திரண்டு வந்து பார்த்தது. இதில் ஏதாவது தில்லுமுல்லு இருக்குமோ என்று நிபுணர்கள் கமிட்டி போட்டார்கள். கமிட்டியும் பார்த்துவிட்டு, 'தந்திரம் ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டது.

வாஸ்தவம்தான். வாத்தியார் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்கிற ஆராய்ச்சியாளர் மட்டும் விடாமல் துருவினார். கேட்கிறவருக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்க வைத்தார். குதிரை தப்பாகத் தட்டியது. கேட்கிறவர் முகம் தெரியாதபடி மறைத்தார். அப்போதும் தப்பு. விஷயம் என்னவென்றால், கேள்வி கேட்டதும் கேட்டவர் தன்னையறியாமல் தலையைக் கொஞ்சம் குனிந்து குளம்பைப் பார்ப்பார். சரியான எண் வந்ததும் தலை ஒரு நூலிழை நிமிரும். ஹான்ஸ் உடனே நிறுத்திவிடும். இது தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையசைவைக் கட்டுப்படுத்த முடியவில்லை. 1907-ல் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்.

ஹான்ஸுக்குக் கணக்கு தெரியாது. வாத்தியாரைத் தெரியும்.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், புதிதாக சாக்பீஸ் பிடிக்கப் போகிறவர்களுக்காக. ஆசிரியர் தகுதித் தேர்வில் 150-க்கு 30 மார்க் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும். அதற்காக பியாஜேயின் நாலு பருவங்களை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நெட்டுருப் போட்டிருப்பீர்கள். பாஸ் பண்ணி, வேலைக்கும் வந்து, முதல் நாள் மூணாம் வகுப்பில் நிற்கும்போது அந்த நாலு பருவமும் ஞாபகம் வராது. நாற்பது ஜோடிக் கண்கள் உங்களையே பார்த்துக் கொண்டிருப்பதுதான் தெரியும். அவை என்ன பார்க்கின்றன என்பதுதான் இந்த வார விஷயம்.

ழான் பியாஜே, பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரி அவ்வளவு உலர்ந்த ஆசாமி இல்லை. சுவிட்சர்லாந்துக்காரர், 1896-ல் பிறந்தவர். 1920 வாக்கில் பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுச் சோதனைத் தாள்களைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. மற்றவர்கள் சரியான விடைகளை எண்ணி மார்க் போட்டால், இவருக்கு சுவாரஸ்யம் தப்பு விடைகளில். ஒரே வயசுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்பு பண்ணுகிறார்களே, ஏன் என்று யோசித்தார். ஆயுள் பூராவும் யோசித்தார்.

அவருடைய பிரசித்தமான சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஐந்து வயசுக் குழந்தை ஒன்று, புளியங்கொட்டை பன்னிரண்டு. ஆறு ஆறாக இரண்டு வரிசை, எதிரும் புதிருமாக வையுங்கள். "ரெண்டு வரிசையிலயும் ஒரே அளவா கண்ணு?" என்று கேளுங்கள். "ஆமா" என்று வரும். இப்போது ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். "இதுலதான் ஜாஸ்தி" என்று நீளமான வரிசையைக் காட்டும். ஆறேழு வயசு வரை எண்ணிக்கை மாறவில்லை என்பது குழந்தைக்குப் பிடிபடுவதில்லை என்றார் பியாஜே. இதுவரை உங்களுக்குப் பரீட்சையில் வந்தது.

பரீட்சையில் அநேகமாக வராதது இனிமேல். 1974-ல் ரோஸ், பிளாங்க் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். ஆறு வயசுப் பிள்ளைகளிடம் முதல் கேள்வியை விட்டுவிட்டார்கள். வரிசையை அகட்டி வைத்த பிறகு ஒரே ஒரு தடவை கேட்டார்கள். தப்புகள் குறைந்தன! யோசித்துப் பாருங்கள். ஒரு பெரியவர் ஒரு கேள்வி கேட்கிறார். நீ பதில் சொல்கிறாய். அவர் எதையோ நகர்த்திவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்கிறார். எதற்குக் கேட்பார்? முன்னே சொன்னது தப்பு, மாற்றிச் சொல்லு என்பதற்குத்தானே? குழந்தை மரியாதையாக மாற்றிச் சொல்லிவிடுகிறது.

அதே வருஷம் எடின்பரோவில் மக்காரிகல், டொனால்ட்சன் இருவரும் இன்னொரு வேலை செய்தார்கள். வரிசையைக் கலைக்கிற வேலையை ஒரு கரடி பொம்மையிடம் விட்டார்கள். பெட்டியிலிருந்து ஒரு குறும்புக் கரடி வந்து வரிசையைக் கலைத்துவிட்டுப் போகிறது. இப்போது கேள்வியைத் திரும்பக் கேட்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. நாலிலிருந்து ஆறு வயசுக்குள்ளான அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல், 'ரெண்டும் ஒண்ணுதான்' என்றார்கள். பெரியவர் வேண்டுமென்றே கலைத்தபோது அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

அதற்காகப் பியாஜே பொய் என்று சிலேட்டை உடைக்க வேண்டாம். கேள்வியை எப்படிக் கேட்டாலும், வயசில் சின்னப் பிள்ளைகள் பெரிய பிள்ளைகளைவிட ஜாஸ்தி தப்பு செய்கிறார்கள். பருவங்கள் இருக்கின்றன. ஆனால் குழந்தை புளியங்கொட்டையை மட்டும் பார்க்கவில்லை, உங்களையும் சேர்த்துப் பார்க்கிறது.

இப்போது ஒரு வகுப்புக்குப் போவோம். எந்த ஊர் வகுப்பாகவும் இருக்கலாம்.

"பதினேழுலேருந்து ஒம்பது போனா?"

"எட்டு மிஸ்."

"என்னது?"

"ஏ... ஏழு மிஸ்."

"நல்லா யோசிச்சு சொல்லு!"

"ஆறு மிஸ்."

மிஸ்ஸுக்கு ஃபேன் சத்தத்தில் காது கேட்கவில்லை, அவ்வளவுதான். பையன் முதலில் சொன்னதே சரி. ஆனால் 'என்னது' வந்ததும் கையிலிருந்த எட்டைக் கீழே போட்டுவிட்டான். அன்றைக்கு அவன் படித்தது கழித்தல் கணக்கு இல்லை. 'நான் விரல் விட்டு எண்ணியதை நம்பாதே, மிஸ் முகத்தை நம்பு' என்பது. இதை மூணாம் வகுப்பில் நன்றாகப் படித்தவன் எட்டாம் வகுப்பில் கை தூக்க மாட்டான். 'சார், இவன் வாயே திறக்கறதில்லை' என்று அப்போது புகார் வரும். வாயைத் திறந்த காலத்தில் என்ன நடந்தது என்று யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

பிள்ளைகளை அடிக்கக் கூடாது, மன உளைச்சல் தரக் கூடாது என்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் ஒரு 'என்னது'க்கு எந்தப் பிரிவில் கேஸ் போட முடியும்? அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடுத்து ஒரு கப்பல். 'ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கேப்டனின் வயசு என்ன?' (நீங்கள் நினைக்கிற கேப்டன் இல்லை. இது கப்பல் கேப்டன்.) 1980 வாக்கில் பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்துக் கணக்கு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் கொடுத்தார்கள். 76 பேர் மடமடவென்று எண்களை வைத்துக் கணக்குப் போட்டு விடை எழுதிவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். பெருக்கினால் 260, கேப்டன் செத்துப் போயிருப்பார். கழித்தால் 16, லைசென்ஸ் கிடைக்காது. கூட்டினால் 36, கச்சிதம்! அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. கெட்டிக்காரர்கள். வகுப்பறையில் ஓர் எழுதாத ஒப்பந்தம் இருப்பது அவர்களுக்குத் தெரியும். விடை இல்லாத கேள்வியை சார் கேட்க மாட்டார். கொடுத்த எண்களை எல்லாம் உபயோகித்தாக வேண்டும். போன வாரம் நடத்திய கணக்கில்தான் விடை வரும். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தைப் பற்றி கை ப்ரூஸோ என்கிற பிரெஞ்சு அறிஞர் விரிவாக எழுதியிருக்கிறார். 2018-ல் சீனாவில் ஒரு மாவட்டத்து ஐந்தாம் வகுப்பு வினாத்தாளில் இதே கேள்வி வந்து, இணையத்தில் ஏக ரகளை. 'பிள்ளைகள் கேள்வியையே சந்தேகப்படுகிறார்களா என்று பார்க்கத்தான் கேட்டோம்' என்று கல்வித் துறை விளக்கம் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் கேள்வியைச் சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்புறம் அல்லவா பரீட்சை வைக்க வேண்டும்?

சரி, புது டீச்சர் என்ன செய்வது? கரடி பொம்மை வாங்க வேண்டியதில்லை. செலவில்லாத சில விஷயங்கள் இருக்கின்றன.

காது கேட்காவிட்டால், 'ஃபேன் சத்தத்துல கேக்கலைப்பா, அதையே சத்தமா சொல்லு' என்று காரணத்தைச் சொல்லிவிடுங்கள். 'அதையே' என்ற வார்த்தை முக்கியம்.

இரண்டாவது, காத்திருங்கள். மேரி பட் ரோ என்கிற அமெரிக்கப் பேராசிரியை வகுப்புகளை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்து, டீச்சர் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று அளந்தார். சராசரி சுமார் ஒரு விநாடி! அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளை, அல்லது பதிலைத் தானே சொல்லிவிடுவது. அதிலும் கெட்டிக்காரர்கள் என்று நினைத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம், மக்கு என்று நினைத்தவர்களுக்குக் குறைச்சல். நியாயமாகப் பார்த்தால் தலைகீழாக இருக்க வேண்டும். மூன்று விநாடி பொறுக்கப் பழக்கியதும் பதில்கள் நீளமாயின, 'தெரியாது' குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இதை அவர் 1974-ல் எழுதினார்.

'நாற்பது பேரை வைத்துக்கொண்டு எங்கே காத்திருப்பது, போர்ஷன் யார் முடிப்பது?' என்பீர்கள். ஒரு பீரியடில் முப்பது கேள்வி கேட்டாலும், தலைக்கு இரண்டு விநாடி கூடுதல் என்றால் மொத்தம் ஒரு நிமிஷம். அட்டெண்டன்ஸ் எடுக்க அதைவிட ஜாஸ்தி ஆகிறது.

மூன்றாவதுதான் கஷ்டம். 52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பெண் 26 என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட அரை விநாடி போதும். 'எப்படிம்மா போட்டே?' என்று கேட்டுப் பாருங்கள். 'ரெண்டுலேருந்து எட்டு போகாது மிஸ். அதான் எட்டுலேருந்து ரெண்டைக் கழிச்சேன்' என்பாள். தப்புக்கு உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது. கடன் வாங்குகிற விஷயம் மட்டும்தான் அவளுக்கு வரவில்லை. அது தெரிந்தால் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிஷம். தெரியாவிட்டால் அதே மாதிரி நூறு கணக்கு ஹோம்வொர்க் கொடுத்து, தப்பை நன்றாக மனப்பாடம் பண்ண வைக்கலாம்.

பியாஜே பிறந்த அதே 1896-ல் ரஷ்யாவில் பிறந்தவர் வைகாட்ஸ்கி. காச நோயால் 37 வயசில் போய்ச் சேர்ந்தார். குழந்தை தனியாகச் செய்ய முடிகிறதற்கும், ஒருவர் கொஞ்சம் கை கொடுத்தால் செய்ய முடிகிறதற்கும் நடுவில் இருக்கிற இடம்தான் வாத்தியாருக்கு வேலை இருக்கிற இடம் என்பது அவர் சொன்னதன் சாரம். 'யோசி, யோசி' என்று அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது கை கொடுப்பது ஆகாது. 'பத்துக் குச்சிக் கட்டு ஒண்ணைப் பிரிச்சுப் பாரேன்' என்பது கை கொடுப்பது.

இதில் ஒரு எச்சரிக்கை. 'எப்படிப் போட்டே?' என்பதைத் தப்பு விடைக்கு மட்டும் கேட்டால் ஒரே வாரத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் 'எப்...' என்று ஆரம்பிக்கும்போதே ரப்பரைத் தேடுவார்கள். சரியான விடைக்கும் கேளுங்கள், அதே முகத்தோடு.

கடைசியாக, 'புரிஞ்சுதா?' தமிழ்நாட்டு வகுப்பறைகளில் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். இதற்குப் பதில் நாற்பது குரலில், ராகத்தோடு, 'புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்!' குட்மார்னிங்குக்கும் அதே ராகம்தான். இரண்டுக்கும் அர்த்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கணக்கைக் கொடுத்து சிலேட்டில் போடச் சொல்லிவிட்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு நடை போய் வாருங்கள். நாற்பது நிஜமான பதில்கள் கிடைக்கும். சில பதில்கள் உங்கள் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பரவாயில்லை.

மாதம் ஒரு தடவை கேப்டன் வயசு மாதிரி ஒரு கேள்வியையும் நடுவில் போடுங்கள். முதல் இரண்டு மாதம் கூட்டித்தான் எழுதுவார்கள். அரையாண்டுப் பரீட்சைக்குள் என்றாவது ஒரு நாள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு வாண்டு எழுந்து நின்று, 'மிஸ், கேள்வியே தப்பு' என்று சொல்லும். கோபம் வரும். அடக்கிக் கொள்ளுங்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போங்கள்.